நாளைப்போவார் பரம்பரை

1

ஓய்வு என்ற சொல்லுக்கு எங்கள் தெருவில் நல்ல பெயர் கிடையாது. சோழபுரத்தில் பகல் பொழுதில் ஓர் ஆள் திண்ணையில் உட்கார்ந்திருந்தால் 'என்ன, சும்மா உக்காந்திருக்க?' என்றுதான் முதல் கேள்வி வரும். 'மேலுக்கு முடியல' என்று பதில் சொன்னால் கேட்டவர் நின்று விசாரிப்பார். காய்ச்சலா, வயித்தாலயா, ஆஸ்பத்திரிக்குப் போனியா என்று கேட்பார். 'மனசுக்கு முடியல' என்று சொன்னால் சிரித்துவிட்டுப் போவார். உடம்பு முடியாமல் போவது, வேலைக்குப் போகாததற்கு ஊர் ஒத்துக்கொண்ட காரணம். மனசு முடியாமல் போவது காரணத்தில் சேராது. அதற்கு ஊரில் வேறு பெயர் உண்டு: கொழுப்பு, இல்லாவிட்டால் பேய்.

இயக்கத்துக்குள் வந்தால் இதே கேள்வி வேறு உடுப்புப் போட்டுக்கொண்டு நிற்கிறது. ஒடுக்கப்பட்ட மக்களுக்காக வேலை செய்கிற ஒருவர் தன் மனசைப் பார்த்துக்கொள்ள நேரம் ஒதுக்குவது சரியா? பக்கத்து ஊரில் குடிசை எரிந்து கிடக்கும்போது 'இன்னைக்கு என்னால வர முடியாது தோழர், நான் தூங்கணும்' என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டா? சொன்னால் அது துரோகமா?

இதை அவரவர் சொந்த விஷயம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஒருவருடைய நேரம் யாருக்குச் சொந்தம் என்பதுதான் இதற்குள் இருக்கிற கேள்வி. சாதியைப் பற்றிப் பேசும்போது நிலத்தைப் பேசியிருக்கிறோம். கிணற்றை, கோயிலை, சுடுகாட்டை, டீக்கடைக் கிளாசைப் பேசியிருக்கிறோம். நேரத்தைப் பற்றிப் பேசியது குறைவு. நம்மிடமிருந்து பறிக்கப்பட்டவற்றில் அதுவும் ஒன்று.

2

நந்தன் கதையை எடுத்துக்கொள்வோம். சைவ இலக்கியம் அவருக்கு வைத்த பெயர் திருநாளைப்போவார். ஆதனூர்ப் புலைப்பாடியில் பிறந்தவர். சிதம்பரம் போகவேண்டும் என்று ஆசை. தன் பிறப்புக்கு அங்கே இடம் கிடையாது என்ற நினைப்பு வந்து மறிக்க, 'நாளைக்குப் போவேன், நாளைக்குப் போவேன்' என்று சொல்லியே நாட்களைக் கழித்தார். அதனால் வந்தது அந்தப் பெயர் என்று பெரியபுராணம் சொல்கிறது. சேக்கிழாரின் கதையில் பண்ணையார் கிடையாது. 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை எழுதியபோதுதான் வேதியர் என்கிற ஆண்டை கதைக்குள் வருகிறார். நந்தன் அவரிடம் லீவு கேட்கிறான். நாற்பது வேலி நிலத்து வேலையையும் முடித்துவிட்டுப் போ என்கிறார் ஆண்டை. கதையில் ஒரே ராத்திரியில் அது முடிந்துவிடுகிறது. தெய்வம் முடித்துக் கொடுக்கிறது. எங்கள் பாட்டன் பூட்டன்களுக்கு எந்தத் தெய்வமும் வந்து நாற்று நட்டுக் கொடுத்ததாகத் தகவல் இல்லை.

இந்தக் கதையைக் கோயில் நுழைவு, தீக்குளிப்பு என்கிற இடத்தில் வைத்துத்தான் நாம் அதிகம் வாசித்திருக்கிறோம். அந்த வாசிப்பு சரிதான். ஆனால் நந்தன் ஆண்டையிடம் போய்க் கேட்டது கோயிலை அல்ல, ஒரு நாளை. தன் மனசு இழுக்கிற திசைக்குப் போய்வர ஒரு நாள். அந்த ஒரு நாளுக்கு வைக்கப்பட்ட விலை நாற்பது வேலி. சிதம்பரத்தில் தீ மூட்டப்படுவதற்கு முன்பே ஆதனூரில் அவனுடைய பொழுதை எரித்துவிட்டார்கள்.

மனு இதைச் சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறான். சூத்திரருக்கு விதித்த தொழில் ஒன்றே ஒன்று: மேலே உள்ள மூன்று வருணத்தாருக்கும் முகம் சுளிக்காமல் ஊழியம் செய்வது. சண்டாளர் என்று தள்ளப்பட்டவர்களுக்கு அதைவிடக் கடுமை. ராத்திரியில் ஊருக்குள் நடமாடக் கூடாது. பகலில் வேலைக்காக, அடையாளத்தோடு மட்டும் வரலாம். இடத்தைப் பிரித்ததைப் போலவே பொழுதையும் பிரித்துத்தான் வைத்தார்கள்.

எங்கள் பக்கத்துக்கு வருவோம். என் அம்மாச்சி காலத்தில் பொழுது என்பது பண்ணைக்காரர் வீட்டு வாசலில் தொடங்கி அங்கேயே முடிந்தது. பிறகு ராஜபாளையத்தில் பஞ்சாலைகள் வந்தன. மில்லுச் சங்கு பொழுதைச் சொல்ல ஆரம்பித்தது. பகல் ஷிப்டு, அரை நைட்டு, முழு நைட்டு என்று ஒரு குடும்பத்துக்குள்ளேயே மூன்று பேர் மூன்று பொழுதில் வாழ்ந்தார்கள். சத்திரப்பட்டிப் பக்கம் விசைத்தறிகளில் பேண்டேஜ் துணி ஓடுகிறது. ஊர் உலகத்துப் புண்ணுக்கெல்லாம் கட்டுப்போட இங்கேயிருந்து துணி போகிறது. நெய்கிற ஆளின் மனசில் புண் இருக்கிறதா என்று கேட்கிற ஷிப்டு இன்னும் வரவில்லை. ஆண்டையின் வாசலிலிருந்து மில்லுக்கு மாறியது முன்னேற்றம்தான், நான் மறுக்கவில்லை. அங்கே எட்டு மணி நேரம் முடிந்தால் சங்கு ஊதும். அந்தச் சங்குக்குப் பின்னால் நம் ஆள் ஒருவருடைய உழைப்பு இருக்கிறது.

3

அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தார். ஆலைத் தொழிலாளருக்குச் சம்பளத்தோடு கூடிய விடுமுறைக்கான சட்டத் திருத்தம் அவர் பொறுப்பில் இருந்த காலத்தில் வந்தது. வார வேலை நேரத்தை 54 மணியிலிருந்து 48 மணியாகக் குறைத்த 1946ஆம் வருட மசோதாவை மத்திய சட்டசபையில் கொண்டுவந்தவரும் அவர்தான். தீண்டப்படாத மக்களின் தலைவர் என்று மட்டும் அவரைச் சுருக்கியவர்கள், சாதி வித்தியாசமில்லாமல் இந்தியத் தொழிலாளி வீட்டுக்குப் போய்ப் படுக்கிற அந்த ஆறு மணி நேரத்தில் அவர் இருப்பதை மறைத்துவிட்டார்கள்.

காங்கிரசும் காந்தியும் தீண்டப்படாதவர்களுக்குச் செய்தது என்ன என்று 1945இல் அவர் எழுதிய புத்தகத்தில் ஓய்வைப் பற்றி ஒரு வாதம் வருகிறது. இயந்திரத்தை வெறுத்த காந்தியத்துக்கு எதிராக அவர் வைத்த வாதம் அது. அதன் சாரம் இப்படி: மனிதனை மிருகத்திலிருந்து பிரிப்பது பண்பாடு. வயிற்றுப்பாட்டுக்கே நாள் முழுக்கப் போய்விட்டால் பண்பாட்டுக்கு நேரம் கிடையாது. இயந்திரம் உழைப்பைக் குறைக்கும்; குறைந்த உழைப்பு ஓய்வைத் தரும். அந்த ஓய்வு சிலருக்கு மட்டும் இருந்தால் அது ஜனநாயகம் ஆகாது.

நம் மேடைகளில் இது அதிகம் வருவதில்லை. பதினெட்டு மணி நேரம் படித்தார், தூக்கத்தைத் துறந்தார் என்பதுதான் திரும்பத் திரும்ப வருகிறது. அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் தூங்கினால் குற்றவுணர்வு வந்து எழுந்து உட்கார்கிறார்கள். அவர் வாழ்க்கையின் இன்னொரு பக்கத்தையும் அவர்களுக்குச் சொல்லவேண்டும். 1926இல் மகன் ராஜரத்தினம் இறந்தபோது, நான்கு பிள்ளைகளைப் புதைத்துவிட்ட தகப்பனின் துக்கத்தை ஒளிக்காமல் நண்பருக்குக் கடிதம் எழுதினார். எழுதிய அடுத்த வருடம், 1927 மார்ச்சில், மகத் குளத்தில் இறங்கினார். அழுததால் அவர் போராட்டம் குறைந்துபோகவில்லை. புத்தகங்களோடு இருப்பதற்கென்றே தாதரில் ராஜகிருகம் கட்டினார். நாய் வளர்த்தார். வயது ஏறிய பிறகு வயலின் கற்றுக்கொண்டார். சர்க்கரை வியாதியும் நரம்பு வலியும் தூங்கவிடாமல் செய்தபோது, தன்னைக் கவனித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்பதை ஒத்துக்கொண்டார். 1948 ஏப்ரல் 15இல் டாக்டர் சாரதா கபீரை மணந்தார். கடைசி வருடம் அவர் அழுததை அவருடைய செயலாளர் நானக் சந்த் ரத்து பதிவு செய்திருக்கிறார்.

இவற்றையெல்லாம் பலவீனம் என்று எண்ணி மறைக்கிறவர்கள் அவரைச் சிலையாக மட்டும் வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள். சிலைக்குத் தூக்கம் தேவையில்லை.

4

இனி எதிர்வாதங்களுக்கு வருகிறேன். அவை லேசானவை அல்ல.

முதல் வாதம்: நம் துன்பம் மனநோய் அல்ல, சாதி, இதற்கு மருந்து போராட்டம்தான், மாத்திரை அல்ல. இந்தச் சந்தேகத்துக்கு நியாயம் இருக்கிறது. அம்பேத்கர் மாணவர் சங்கத்தில் வேலை செய்த ரோகித் வெமுலா உதவித்தொகை நின்றுபோய், விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டு, ஹைதராபாத் பல்கலைக்கழக வளாகத்தில் வெட்டவெளியில் தோழர்களோடு படுத்துக் கிடந்தார். 2016 ஜனவரி 17இல் அவர் இறந்தபோது பேச்சைச் சாதியிலிருந்து திருப்பி அவருடைய மனசின் பக்கம் கொண்டுபோகப் பார்த்தவர்கள் உண்டு. 2019 மே மாதம் மும்பையில் இறந்த ஆதிவாசி டாக்டர் பாயல் தட்வி விஷயத்திலும் வேலைப்பளு, மனஅழுத்தம் என்கிற பேச்சு எழுந்தது. மனசு என்ற சொல்லை வைத்துச் சாதியின் கைரேகையைத் துடைக்கிற வேலை இந்த நாட்டில் நன்றாகவே நடக்கிறது. அதனால்தான் நம் ஆட்களுக்கு 'மனநலம்' என்று கேட்டாலே எரிச்சல் வருகிறது.

ஆனால் குற்றவாளி ஒரு சொல்லைத் திருடிக்கொண்டான் என்பதற்காக அந்தச் சொல்லை அவனிடமே விட்டுவிடலாமா? சாதிதான் காயத்தை உண்டாக்குகிறது. காயமும் உண்மை. கத்தி பிடித்தவனைக் கூண்டில் ஏற்றும்வரை ரத்தத்தை நிறுத்த வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை.

இந்த இரண்டையும் ஒரே கையில் பிடித்த ஒரு மனிதர் இருந்தார். ஃபிரான்ஸ் ஃபனான், கறுப்பின மனநல மருத்துவர். 1953 முதல் 1956 வரை பிரெஞ்சு ஆதிக்கத்தில் இருந்த அல்ஜீரியாவில், பிளிடா மனநல மருத்துவமனையில் வேலை பார்த்தார். ஒரு நாட்டு மக்களையே அந்நியராக ஆக்கி வைத்திருக்கிற ஆட்சிக்குக் கீழே மனசுக்கு வைத்தியம் பார்க்க முடியாது என்று ராஜினாமா செய்தார். விடுதலை இயக்கத்தில் சேர்ந்தார். நம் தோழர்கள் கதையை இந்த இடத்தில் நிறுத்திக்கொள்கிறார்கள். அவர் அதோடு வைத்தியத்தை விட்டுவிடவில்லை. துனிஸ் நகரத்தில் நோயாளிகள் பகலில் வந்து சிகிச்சை பெற்றுச் சாயங்காலம் வீட்டுக்குப் போகிற மனநலப் பிரிவு ஒன்றை அமைத்தார். போராட்டமும் நடத்தினார், மனசுக்கும் மருந்து கொடுத்தார். 1961இல் வந்த அவருடைய கடைசிப் புத்தகத்தில் போர் மனசுகளை என்ன செய்கிறது என்பதற்குத் தனி அத்தியாயமே உண்டு. சித்திரவதைப்பட்டவர்களின் கதை அதில் இருக்கிறது. சித்திரவதை செய்த போலீஸ்காரர்களின் கதையும் இருக்கிறது. அந்த வருடம் டிசம்பர் 6இல், 36 வயதில் ரத்தப் புற்றுநோயால் இறந்தார். ஐந்து வருடம் முன்பு அம்பேத்கர் இறந்ததும் அதே தேதி.

இரண்டாவது வாதம்: இது நடுத்தர வர்க்கத்துப் பழக்கம். வாசனை எண்ணெய், மலைவாசஸ்தலம், யோகா வகுப்பு என்று விற்கப்படுவதைப் பார்த்தால் இந்த வாதமும் சரியாகத்தான் படுகிறது. கூலிக்காரிக்கு ஒரு நாள் ஓய்வு என்றால் ஒரு நாள் கூலி போச்சு. நேரம் ஒதுக்குவது என்பதே ஏற்கெனவே நேரம் வைத்திருப்பவர்களால் மட்டும் முடிகிற காரியம். இதற்கு என் பதிலைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் மூன்றாவது வாதம். அதை என் அனுபவத்தோடு சேர்த்துத்தான் பேச முடியும்.

5

மூன்றாவது வாதம்: வன்கொடுமை லீவு எடுப்பதில்லை, நாம் எப்படி எடுக்க முடியும்?

உண்மை அறியும் குழுவில் போகிறவர்களுக்கு நான் சொல்வது புரியும். சில வருடங்களுக்கு முன் ஓர் ஊரில் மகனை வெட்டுக்குப் பறிகொடுத்த ஒரு தாயின் வாக்குமூலத்தை எழுதும் வேலை எனக்கு. கலெக்டருக்கு ஒரு மனு, எஸ்.பி.க்கு ஒரு மனு, ஆணையத்துக்கு ஒன்று, வக்கீலுக்கு ஒன்று, பத்திரிகைக்கு ஒன்று, எங்கள் அறிக்கைக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் அந்த அம்மா முதலிலிருந்து சொல்லணும், நான் முதலிலிருந்து எழுதணும். ஆறாவது தடவை சொல்லும்போது அந்த அம்மா அழவில்லை. யாருக்கோ நடந்ததைச் சொல்வது போலச் சொன்னார். அதைக் கேட்டபோதுதான் எனக்குப் பயம் வந்தது.

அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் போனது. கண்ணை மூடினால் வாக்கியங்கள் வரும். முகங்கள் கூட வராது. 'மேற்படி சம்பவத்தன்று' என்று தொடங்குகிற வாக்கியங்கள். போன் அடிக்காமலே அடிப்பது போலக் கேட்கும். சோத்துத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, சாப்பிட்டேனா இல்லையா என்று தெரியாமல் எழுந்திருப்பேன். மூத்த தோழர் ஒருவரிடம் சொன்னேன். அவர் நல்லவர், பல தடவை ஜெயிலுக்குப் போனவர். 'நமக்கெல்லாம் இது வரக்கூடாது தோழர், வந்தா எதிரிக்கு லாபம்' என்றார். அவருக்கும் தூக்கம் இல்லை என்பது அவர் கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. அவருக்கு அதைச் சொல்ல ஓர் ஆள் இல்லை என்பதும் தெரிந்தது.

எங்கம்மாதான் சொன்னது: 'ஏத்தா, ஊர்ச் சனத்துக்கெல்லாம் மனு எழுதிக் குடுக்குற. ஒனக்கு ஒரு மனு எழுதிக்கப்படாதா?'

அரசு மருத்துவமனைக்குப் போனேன். மனநலப் பிரிவில் வெளிநோயாளிச் சீட்டு வாங்கி வரிசையில் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு மில் தொழிலாளி, தூங்காமல் முழு நைட்டு பார்த்துப் பார்த்துப் பகலிலும் தூக்கம் மறந்துபோன ஆள். அந்தப் பக்கம் கைப்பிள்ளைக்காரி ஒருத்தி, அவளைக் கூட்டிவந்த மாமியார். டாக்டர் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். சில மாதத்துக்கு மாத்திரை தந்தார், எழுதுகிற வேலையைக் கொஞ்ச நாள் வேறு ஆளிடம் கொடுக்கச் சொன்னார். மாத்திரை கிடைத்தது. வேறு ஆள்தான் கிடைக்கவில்லை. என் பிரச்சினையில் பாதி மருத்துவம், பாதி அமைப்பு என்பது அப்போதுதான் விளங்கியது.

மூன்றாவது வாதத்துக்கு என் பதில் இதிலிருந்துதான் வருகிறது. வன்கொடுமை லீவு எடுப்பதில்லை என்பது உண்மை. ஆனால் அதைச் செய்கிறவர்கள் ஷிப்டு மாற்றிக்கொள்கிறார்கள். ஒருத்தன் அடிக்கிறான், ஒருத்தன் வழக்கை இழுக்கிறான், ஒருத்தன் சாட்சியை மிரட்டுகிறான், ஒருத்தன் வீட்டில் நிம்மதியாகத் தூங்குகிறான். நம் பக்கத்தில் மட்டும் ஒரே ஆள் எல்லா ஷிப்டும் பார்க்கவேண்டும் என்றால், அதைத் தியாகம் என்று நாம் கொண்டாடினால், ஜெயிப்பது யார்? நம்மைப் பலியாகக் கேட்டது இந்தச் சமூகம். பலியை நாமே அலங்காரம் பண்ணி அனுப்புகிற பழக்கம் இயக்கத்துக்குள்ளும் வந்துவிட்டது. நாற்பது வேலியையும் முடித்த பிறகு போகலாம் என்று ஆண்டை சொன்னதை, விடுதலை கிடைத்த பிறகு தூங்கலாம் என்று நாமே நமக்குச் சொல்லிக்கொள்கிறோம்.

6

மனசைப் பார்த்துக்கொள்வது நமக்குப் புதுசா? இல்லை. எங்கள் தெருப் பெண்களுக்கு அது தெரியும். மத்தியானம் களை எடுத்து வந்து, கஞ்சி குடித்துவிட்டு, வேப்பமரத்து நிழலில் ஒருத்தி முன்னால் உட்காருவாள், ஒருத்தி பின்னால் உட்கார்ந்து பேன் பார்ப்பாள். முகத்தை முகம் பார்க்கத் தேவையில்லை. தலைமுடிக்குள் விரல் ஓட ஓடப் பேச்சு தானாக வரும். புருசன் அடித்தது, மேஸ்திரி கையைப் பிடித்தது, வட்டிக்காரன் வைதது எல்லாம் வரும். கேட்கிறவள் 'உம்' போடுவாள், அவ்வளவுதான். பட்டணத்தில் காசு கொடுத்துப் போகிற ஆலோசனை அறையில் நடப்பதற்கும் இதற்கும் பெரிய தூரம் இல்லை. இழவு வீட்டு ஒப்பாரியில் செத்தவர் பெயரைச் சொல்லித் தன் கதையைப் பாடுகிற பெண்கள் உண்டு. அதை யாரும் தடுப்பதில்லை. அடுத்தவன் இழவுக்குச் சேதி சொல்லவும் பறையடிக்கவும் ஓடவைக்கப்பட்ட சனம், தன் துக்கத்துக்கு என்று வைத்துக்கொண்ட இடம் அது.

இதைப் பெரிதாகப் புகழ்ந்துவிட்டுப் போகவும் முடியாது. பேன் பார்க்கிற அரைமணி நேரம் போனால் அவளுக்குச் சொந்தமாகப் பொழுது கிடையாது. ஆம்பளைகளுக்கு அரசாங்கமே ஓர் ஏற்பாடு செய்து வைத்திருக்கிறது. 2003 நவம்பரில் மதுச் சில்லறை விற்பனையை டாஸ்மாக் எடுத்துக்கொண்டது. மனநல மருத்துவரைப் பார்க்க பஸ் ஏறவேண்டும். கடைக்குப் பல ஊர்களில் நடந்தே போய்விடலாம். அவன் அங்கே போய் இறக்கி வைக்கிற பாரம் ராத்திரி வீட்டில் அவள் முதுகில் ஏறுகிறது. இயக்கத்து ஆம்பளைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கூட்டம் முடிந்து இவர்கள் 'ரிலாக்ஸ்' பண்ணப் போகும்போது டம்ளர் கழுவுகிறது யார்? ஒருத்தருடைய ஓய்வு இன்னொருத்தியின் வேலையாக இருந்தால் அதற்கும் ஆண்டையின் மத்தியானத் தூக்கத்துக்கும் வித்தியாசம் இல்லை.

பேய் என்று சொல்லிக் கோயிலுக்கும் தர்காவுக்கும் கூட்டிப்போவது ஒரு வழியாக இருந்தது, இன்றும் இருக்கிறது. ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை ஒரு கீற்றுக்கொட்டகைக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓடமுடியாமல் செத்தார்கள். தங்கள் ஆட்களை அங்கே கொண்டுவந்து விட்ட குடும்பங்களைத் திட்டுவது சுலபம். அவர்களுக்கு வேறு வாசல் திறந்திருந்ததா என்று கேட்கவேண்டும். மாவட்ட மனநலத் திட்டம் இந்தியாவில் 1996இல்தான் நான்கே மாவட்டங்களில் தொடங்கியது. பெங்களூர் நிம்ஹான்ஸ் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் 2015-16இல் நடத்திய தேசியக் கணக்கெடுப்பு, மனநோயின் வகையைப் பொறுத்து நூற்றுக்கு 70 முதல் 92 பேர்வரை சிகிச்சை இல்லாமல் இருப்பதாகச் சொன்னது. 2017ஆம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டம், அரசு நடத்துகிற அல்லது அரசு நிதி தருகிற இடங்களில் மனநலச் சிகிச்சை பெறுவதை ஒவ்வொருவருக்கும் உரிமை ஆக்கியிருக்கிறது. அதில் பாகுபாடு காட்டக்கூடாத காரணங்களில் சாதியும் பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்கிறது. வன்கொடுமைச் சட்டத்தைப் படித்து வைத்திருப்பது போல இந்தச் சட்டத்தையும் நம் தோழர்கள் படித்து வைத்திருக்கவேண்டும். 2022 அக்டோபரிலிருந்து 14416 என்ற இலவச எண் இருக்கிறது. தமிழிலேயே பேசலாம். சுவரொட்டியில் போடுகிற போன் நம்பர்களோடு அதையும் போடலாம்.

7

ஒத்தி வைத்த இரண்டாவது வாதத்துக்கு இப்போது வருகிறேன். நேரம் இருப்பவர்களால்தான் நேரம் ஒதுக்க முடியும் என்பது தனி ஆளைப் பொறுத்தவரை உண்மை. அதனால்தான் இது தனி ஆள் செய்கிற காரியமாக இருக்கக்கூடாது.

புத்தரின் சங்கம் இதை யோசித்திருக்கிறது. வருடம் முழுக்கக் கால்நடையாக அலைகிற பிக்குகள் மழைக்காலத்தில் மூன்று மாதம் ஒரே இடத்தில் தங்கவேண்டும். யாருக்குக் களைப்போ அவர் மட்டும் தங்கலாம் என்று வைக்கவில்லை, எல்லாருக்கும் விதி. அதனால் நிற்பதற்கு யாரும் வெட்கப்படவேண்டியதில்லை. வினய பிடகத்தில் இன்னொரு நிகழ்ச்சியும் உண்டு. வயிற்றுப்போக்கில் கிடந்த ஒரு பிக்கு தன் மலத்திலேயே படுத்திருக்கிறார். சங்கத்துக்கு இவரால் உபயோகம் இல்லை என்று மற்றவர்கள் விட்டுவிட்டார்கள். புத்தரும் ஆனந்தரும் அவரைக் குளிப்பாட்டித் தூக்கிப் படுக்க வைக்கிறார்கள். பிறகு சங்கத்தைக் கூட்டி, தாயும் தகப்பனும் பக்கத்தில் இல்லாத நீங்கள் ஒருவரை ஒருவர் பார்க்காவிட்டால் யார் பார்ப்பது, எனக்குச் செய்ய நினைப்பதை நோயாளிக்குச் செய்யுங்கள் என்கிறார். உபயோகம் போனதும் ஆளைக் கைவிடுகிற அமைப்புகள் இன்றும் இருக்கின்றன என்பது இதைப் படிக்கிற எல்லோருக்கும் தெரியும். 1898இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கி, 1907 முதல் 1914இல் இறக்கும்வரை தமிழன் பத்திரிகையை நடத்திய அயோத்திதாசப் பண்டிதர் ஒரு சித்த வைத்தியர். நாடி பிடித்த அதே கைதான் பத்திரிகையும் எழுதியது. இரண்டும் வேறு வேறு வேலை என்று அவர் நினைத்திருக்க மாட்டார்.

எங்கள் சிறிய குழுவில் சில முடிவுகள் எடுத்திருக்கிறோம். உண்மை அறியப் போகிறபோது தனியாக யாரும் போவதில்லை, இரண்டு பேராவது. ஒரு வாக்குமூலத்தை ஒரே தடவை வாங்கி, எல்லா மனுவுக்கும் அதையே பயன்படுத்துவது. பாதிக்கப்பட்டவரைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பதில்லை. போய்வந்த மறுநாள் அவர்களுக்கு வேறு வேலை கிடையாது. வந்த அன்றே, அறிக்கை எழுதுவதற்கு முன்னால், பார்த்ததைக் குழுவிடம் வாய்விட்டுச் சொல்லணும்; அழுகை வந்தால் அழணும். வாரத்தில் ஒரு ராத்திரி கூட்டம் போடுவதில்லை. கூட்டத்துக்குச் சமைப்பதும் டம்ளர் கழுவுவதும் முறை வைத்து. அதில் ஆம்பளைகளுக்கு முதல் முறை. கூலிக்குப் போகிற தோழர் யாராவது மனநலப் பிரிவுக்குப் போகவேண்டி வந்தால் அன்றைய கூலியையும் பஸ் செலவையும் சந்தாப் பணத்திலிருந்து கொடுப்பது. சந்தாவில் நோட்டீஸ் அடிக்கலாம் என்றால் இதையும் செய்யலாம்.

இவை எல்லாம் ஒழுங்காக நடக்கின்றன என்று சொல்ல மாட்டேன். கூட்டம் இல்லாத ராத்திரியிலும் இரண்டு பேர் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள், வீட்டுக்குப் போனால் என்ன செய்வதென்று தெரியாமல். ஓய்வு எடுக்கவும் பழகவேண்டியிருக்கிறது. தலைமுறை தலைமுறையாகக் கொடுக்கப்படாத ஒன்றை ஒரு வருடத்தில் யாரும் பழகிவிட முடியாது. 'இது சங்கமா, ஆஸ்பத்திரியா?' என்று ஒரு தோழர் கேட்டார். அவரோடு விவாதம் இன்னும் முடியவில்லை. இதைப் படிக்கிற தோழர்களுக்கும் மாற்றுக் கருத்து இருக்கும். எழுதுங்கள், பேசுவோம்.

என் தரப்பை மட்டும் சொல்லி நிறுத்துகிறேன். இன்று ராத்திரியும் எங்காவது ஓர் ஊரிலிருந்து போன் வரும். வராமல் இருக்கப் போவதில்லை. அந்த நேரத்தில் ஒரு தோழர் தூங்கிக்கொண்டிருந்தால் அவரை எழுப்பக் கூடாது. எடுக்க இன்னோர் ஆள் இருக்கவேண்டும். அந்த இன்னோர் ஆளை உண்டாக்குவதுதான் இயக்க வேலை.